ஆற்றுமணலில் ஒரு விசாரணை

வறண்ட காட்டாற்று மணலில் புதிதாக நட்ட எல்லைக்கல்லுக்குத் தலைகால் புரியவில்லை. "இனி இது கம்பெனி இடம். பட்டா இருந்தால் காலை வை," என்று தாய்யானையை மறித்தது.

யானை, ஏழு காடுகளுக்கும் பொதுவான மன்றத்தில் முறையிட்டது. நீதிபதி நாரை நேரிலேயே பறந்து வந்து, "சாட்சி?" என்றது.

"என் தலையில் எண்ணே எழுதியிருக்கிறதே!" என்றது கல்.

யானை கொதிக்கும் மணலை முகர்ந்துகொண்டே வந்து, கல்லுக்குப் பக்கத்தில் நின்று, காலால் தோண்டியது. "கோடையில் எங்கள் கூட்டம் குடிப்பது இங்கேதான்."

குழியில் தண்ணீர் ஊறியது. வானமே அதற்குள் இறங்கியது. கல்லுக்குச் சிலிர்த்தது. இத்தனை நாளும் அதன் காலடியில் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது!

நாரை தலை குனிந்து குடித்தது. "இடம் உங்களுடையது, தாயே."

கல் மெல்ல வாய் திறந்தது. "அம்மா, நான் இங்கே நிற்கலாமா?"