இருபத்து மூன்றாவது பெயர்

வாய் ஒரு பெயரைக் கூடுதலாகச் சொல்லிவிட்டது.

தாளில் இருபத்திரண்டு பெயர்கள்தான். இருபத்திரண்டையும் அவன் தப்பில்லாமல் வாசித்து முடித்தான். தாளை மடிக்கவும் தொடங்கிவிட்டான். அதற்குப் பிறகுதான் இது.

"செல்லத்துரை நிமலரூபன்."

தம்பியின் பெயர்.

கல்லைச் சுற்றி நின்ற நாற்பது பேரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்.

"பிரான்சுக்காக இறந்தார்."



அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நவம்பர் பதினொன்றாம் தேதி இந்தச் சின்ன ஊரில் காலங்காலமாக இதுதான் வழக்கம். முதல் உலகப் போரில் மாண்ட ஊர்ப் பையன்களின் பெயர்களை, அவை வெட்டியிருக்கும் கல்லின் முன்னால் நின்று ஒருவர் வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் ஊர் பதில் சொல்லும். பெயர் வந்தால் பதில் வரும், அவ்வளவுதான். யார் எவர் என்று யாரும் விசாரிப்பதில்லை.

இந்த வருஷம் வாசிக்கச் சொல்லி மேயர் அம்மா அவனைக் கேட்டிருந்தார். ஊரிலிருக்கும் ஒரே கடை அவனுடையது. ஏப்ரலில் குடியுரிமையும் கிடைத்திருந்தது. ஒரு வாரமாகக் கடைக்கு வந்தவர்களை எல்லாம் நிறுத்தி வைத்து உச்சரிப்புக் கேட்டான். பாலுக்கு வந்தவர்கள் பாலை மறந்து, பாடம் நடத்திவிட்டுப் போனார்கள்.

கல்லில் குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். அவன் படித்த பள்ளிக்கூடத்து வரவு இடாப்பு மாதிரியே.

வெர்தியே எமில்.

வெர்தியே ழூல்.

வெர்தியே லூசியான்.

ஒரு வீட்டு அண்ணன் தம்பிகள் மூன்று பேர். அவர்களோடு பட்டியல் முடிந்தது. நாக்குத்தான் நிற்கவில்லை.

தம்பி இறந்துவிட்டான் என்று அவன் வீட்டில் எவரும் சொன்னதில்லை. அவன் பிறந்த நாட்டில் போர் முடிந்த அன்று தம்பியைப் படையினர் ஒரு பேருந்தில் ஏற்றினார்கள். அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் அரசாங்கக் கந்தோரில் மரணச் சான்றிதழ் என்று ஒரு தாளை நீட்டினார்கள். அம்மா அதைத் தொடாமல் திரும்பி வந்தாள். அன்றிலிருந்து அந்தச் சொல்லுக்கு வீட்டில் இடமில்லை.

இப்போது நாற்பது பேர் சொல்லிவிட்டார்கள்.

சொன்னது யார்? பெயரை மட்டும்தான் அவன் சொன்னான். மிச்சத்தைச் சொன்னவர்கள் அவர்கள். ஆனால் பெயரை எடுத்துக் கொடுத்தது யார்?

அதிலும் பிரான்சுக்காகவாம். உலகப் படத்தில் பிரான்ஸ் எந்தப் பக்கம் என்றுகூடத் தம்பிக்குத் தெரியாது. அவனுக்குச் சிரிப்பு வரும்போல் இருந்தது. அழுகையும் வரும்போல் இருந்தது. எது முந்தும் என்று தெரியாமல் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

திருத்திச் சொல்லலாமா? மன்னியுங்கள், கடைசி ஆள் இறக்கவில்லை என்று?

அதுவும் அவனுக்குத் தெரியாதே.

அதற்குள் கொடியைத் தாழ்த்திவிட்டார்கள். ஒரு நிமிட மௌனம். இனி வாயைத் திறக்க முடியாது.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது, கொடி பிடித்த கிழவர் மொரான் மட்டும் கல்லை விட்டு நகரவில்லை. பெயர்களின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழாகத் தேடினார். கீழிருந்து மேலாகவும் தேடினார்.

"கடைசியாக ஒன்று வாசித்தீர்களே, அது எங்கே இருக்கிறது? என் கண் போய்விட்டது போல."

அவன் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போனான். கண் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும் என்று கிழவர் வழி நெடுகப் புலம்பிக்கொண்டே வந்தார். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

ஊர் மண்டபத்தில் வைன் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் வாசலில் கால் வைக்கும்போது போன் அடித்தது.

அம்மா. வீதியோரப் பந்தலில் இருந்தாள். மடியில் தம்பியின் படம். காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கும் பந்தல் அது. அங்கேயும் தினம் பெயர்கள் வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் ஒரே குரலில் கேட்கும்.

"எங்கே?"

அம்மா திரையில் அவனை உற்றுப் பார்த்தாள்.

"என்ன ராசா, கோட்டெல்லாம் போட்டிருக்கிறாய்?"

"இஞ்ச பேர் வாசிக்கிற நாள் அம்மா. நான்தான் வாசிச்சனான்."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சின்னவன்ர பேரையும் வாசிச்சனியோ?"

பொய் சொல்ல வரவில்லை.

"ஓம்."

"சனம் சொன்னதோ?"

"ஓம் அம்மா."

"எல்லாரும் சேர்ந்தோ?"

உள்ளே யாரோ அவனுக்கும் ஒரு கிளாஸை உயர்த்திக் காட்டிக் கூப்பிட்டார்கள்.

"எல்லாரும் சேர்ந்துதான்."

அம்மா போனைப் பந்தலில் இருந்த மற்றப் பெண்களின் பக்கம் திருப்பினாள். அவள் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அதில் சந்தோஷம் இருந்தது.

"பிரான்சிலயும் எங்க எண்டு கேட்டவையாம்."

பெண்கள் அவனைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

அவனும் கையசைத்தான்.