தாமரைப் படம்

தைச்சுங் நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையின் விலை மூன்று கிண்ணம் மாட்டிறைச்சி நூடுல்ஸ். வெளிநாட்டிலிருந்து வந்து முதியவரைக் கவனிக்கும் பெண்ணின் விடுமுறையை அந்தக் காசுக்கு வாங்கிவிடலாம். போஹானின் அப்பாவும் ரத்மியிடம் அப்படித்தான் வாங்கினார்.

அதை எதிர்த்து போஹான் இணையத்தில் விட்ட காணொளியைச் சீண்டுவாரில்லை. பெரியவர்கள் விடிந்ததும் செல்போனில் அனுப்பிக்கொள்ளும் தாமரைப் படத்தில், ‘காலை வணக்கம்! வார ஓய்வும் மனித உரிமை’ என்று போட்டான். ஊரே பகிர்ந்தது!

“அப்பா! எல்லா குரூப்புக்கும் நீங்களே அனுப்பிட்டீங்களே!” என்று வீட்டுக்குள் பாய்ந்தான்.

“என்னத்தடா அனுப்பினேன்?”

போன் ரத்மியின் கையில் இருந்தது.

“அப்பாவுக்குக் கை நடுங்குது, சின்ன முதலாளி. தினமும் பூப்படம் நான்தான் அனுப்புறேன். எல்லா வீட்லயும் அனுப்புறது என்னை மாதிரி வேலைக்கு வந்தவங்கதான்.”

“அப்போ ஒரு பெருசுகூட மனசு மாறலையா?” என்றான் போஹான்.

அப்பா படத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

“ஞாயித்துக்கிழமை எனக்கு யாரு கஞ்சி வைப்பா?”

போஹான் கையைத் தூக்கினான்.

“இவனா? வெந்நியவே தீய விடுவானே!” அப்பா சிரித்தார். “ஒருநாள் பட்டினியில செத்துட மாட்டேன். நீ போயிட்டு வாம்மா.”

மனம் மாறிய பெரியவர்கள்: வரவு ஒன்று. பாக்கி, ஊர் முழுக்க.