இன்னும் இரண்டு அத்தியாயம்

“அம்மா ஃபோன யாருப்பா சவப்பெட்டிக்குள்ள வைக்கச் சொன்னா?”

“ஜெபமாலையோட அதுவும் கையில இருக்கட்டும்னு வெச்சேன்லா. அவ கேட்ட கதை பாதியில நின்னுச்சு.”

“மாசம் ஒண்ணாச்சு. அந்த ஆடியோபுக் அக்கவுண்ட்ட மூடிருங்க.”

“மூட மாட்டேன், அமண்டா.”

மகள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். கூலாய் ஊரிலிருந்த வீட்டின் சமையலறையில் ரோலண்ட் தன் ஃபோனைத் திறந்தார். அவருக்கும் மனைவி டொரத்திக்கும் ஒரே அக்கவுண்ட். அவர் சரித்திரக் கதை கேட்பார், அவள் காதல் கதை கேட்பாள். வெங்காயம் உரித்துக்கொண்டே, சற்று வேகமாக ஓடவிட்டுக் கேட்பது அவள் பழக்கம்.

அடக்கத்தன்று அவளுடைய கதை ஒன்பதாம் அத்தியாயத்தில் நின்றிருந்தது. இன்று முப்பத்தெட்டில் நிற்கிறது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, அவர் தொடாமலேயே, அதே வேகத்தில், ஒரு அத்தியாயம் ஓடிவிடுகிறது. மொத்தம் நாற்பது அத்தியாயங்கள்.

கேட்ட கதைகளைப் பற்றி ஞாயிறுதோறும் தன் கருத்தைப் போடும் ஆடியோபுக் குழுவில் ரோலண்ட் எழுதினார்:

“சரித்திரக் கதை நல்லாத்தான் இருக்கு, ஆனா போர் வந்தா வாசிக்கிறவரு ரொம்பக் கத்துறாரு. மாயாஜாலக் கதையில பேருங்க மனசுல நிக்கல, தூங்கிட்டேன். காதல் கதைய இத்தன வருசம் கேலி பண்ணேன், அது தப்பு. எங்க வீட்டுக்காரிக்கு இன்னும் ரெண்டு அத்தியாயம்தான் பாக்கி. அதுக்கப்புறம் கேக்க ரொம்ப நீளமான காதல் கதை ஒண்ணு வேணும். தெரிஞ்சவங்க நாளன்னிக்குள்ள பதில் போடுங்க.”