தேன்சிட்டுக்கு மாட்டிய அட்டை

எங்கள் சூப்பர்வைசர் குருமூர்த்தி சார் கிளவுஸ் எடுக்க ஸ்டோருக்குப் போனார். வெறுங்கையால் குருவிக்கூட்டைத் தொடமாட்டாராம்.

ஓடாத பழைய கிரேனின் தொங்கு சுவிட்சில் அது இருந்தது. சிலந்தி நூல், பஞ்சு வேஸ்ட், ஸ்டிக்கர் துண்டு எல்லாம் சேர்த்துத் தேன்சிட்டு கட்டிய பை. உள்ளே இரண்டு முட்டை. பெட்டை உட்கார்ந்திருந்தது, வளைந்த அலகு மட்டும் வெளியே.

ஒரு மாதமாக அதன் கீழேதான் என் சாப்பாடு. ஆண் ஒரு நார் கூட எடுத்து வந்து நான் பார்த்ததில்லை. வரும், பாடும், உள்ளே எட்டிப் பார்க்கும், போய்விடும்.

அதற்கும் நாங்கள் வைத்த பெயர் சூப்பர்வைசர்.

பதினோரு மணிக்கு பெங்களூரிலிருந்து ஆடிட். ஷெட்டில் குப்பை இருந்தால் சாருக்கு மெமோ. கூட்டைப் பிய்த்துப் போடச் சொல்லி, பெருக்குகிற இருளாயி அக்காவிடம் கேட்டுப் பார்த்தார்.

"அடை காக்குறதைப் பிய்க்கிற கை எனக்கில்ல சார். நீங்களே பிடுங்குங்க."

அதனால்தான் கிளவுஸ்.

அவர் திரும்பி வந்தபோது சுவிட்சில் சிவப்பு அட்டை தொங்கியது. ரிப்பேரில் இருக்கும் மிஷினுக்கு மாட்டுவது. மாட்டியவர் பெயர், வேலை, முடியும் நாள் எழுத வேண்டும். வேலை முடியும்வரை எவரும் தொடக்கூடாது, முதலாளியே ஆனாலும்.

சார் கை நீட்டவும் ஆடிட் மேடம் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

மேடம் தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. அட்டையைப் படித்துக் காட்டச் சொன்னார்.

சார் அட்டையைத் திருப்பிப் பிடித்துப் படித்தார்.

"பெயர், குருமூர்த்தி. வேலை... அடைகாத்தல். முடியும் நாள், ரெண்டு வாரம் கழிச்சு."

மேடம் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. நீங்கள் மாட்டியதா என்று கேட்டார். இல்லை என்றால், இங்கே கண்டவனும் அட்டை மாட்டுகிறான் என்று எழுதிவிடுவார்.

ஆமாம் என்றார் சார்.

இந்தக் கம்பெனியில் முழுசாக நிரப்பிய ஒரே அட்டை இதுதான் என்று மேடம் குறித்துக்கொண்டார். வேலை முடிந்ததும் போட்டோ அனுப்ப வேண்டுமாம்.

அவர் கார் மாநில எல்லையில் ஜூஜுவாடியைத் தாண்டியிருக்காது. சார் எங்களை வரிசையாக நிறுத்தினார். ஆளுக்கொரு தாள். குருமூர்த்தி என்று எழுதிக் காட்ட வேண்டும். எழுத்தை அட்டையோடு ஒத்துப் பார்த்தார்.

கடைசி ஆள் நான்.

"நீ போய்யா கருப்பசாமி. நீ கைநாட்டு."

போனேன்.

பெருவிரலில், காலையில் பதிவேட்டுக்கு ஒற்றிய மை. நடுவிரல் ஓரத்தில் பேனா மை.

கையை மடக்கிக்கொண்டேன்.