ஐ.சி.யூவில் ஒரு வடிகட்டி

"உலகத்துல ரெண்டே வகை மனுஷங்கதான், மச்சான். உடைஞ்சதை ஒட்டுறவன், உடைஞ்சதும் கடைக்கு ஓடுறவன். முதல் வகை நாகரிகத்தை உண்டாக்குச்சு. ரெண்டாவது வகை பில்லை மட்டும்தான் உண்டாக்குச்சு."

சொல்லிவிட்டு, ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் அயர்னைச் செங்கோல் மாதிரி உயர்த்திப் பிடித்தார் அவர். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கிளார்க், வீட்டில் உலோக சர்ஜன். இரண்டாவது பதவியை அவருக்கு அவரே கொடுத்துக்கொண்டார். அந்தப் பெயரைச் சொல்லி அவரை இதுவரை அழைத்தவரும் அவர் ஒருவரே.

மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், பூதக்கண்ணாடியும் கையுமாக ஒரு கரண்டியை ஆராய்ந்துகொண்டிருந்தார். போன தடவை வந்தபோது அது இரண்டு துண்டாகக் கிடந்ததை அவரே பார்த்திருந்தார். இப்போது ஒட்டும் இல்லை, வடுவும் இல்லை.

"எங்க மாப்ள ஒட்டினீங்க?"

"கண்டுபிடிங்களேன்."

"அந்தப் புனலு?"

"அதுவும் நான்தான்."

"சோப்பு டப்பா மூடி?"

"அதைப் பிழைக்காதுன்னாங்க. இப்ப பாருங்க, எப்படி உட்கார்ந்திருக்குன்னு."

மச்சான் கண்ணாடியைக் கீழே வைத்தார். சர்ஜன் குரலைத் தாழ்த்தினார்.

"ரகசியம் ஒட்டுறதுல இல்ல, மச்சான். ஆறுறதுல இருக்கு." ஃப்ரிட்ஜின் தலையில் துணி போர்த்திய ஒரு தட்டைக் காட்டினார். "ஐ.சி.யூ. ஒட்டினதும் இதுல வச்சு மூடிடுவேன். அப்புறம் நான்கூட எட்டிப் பார்க்க மாட்டேன். உங்க தங்கச்சிதான் நர்ஸ். ஈயம் மெதுவா உள்ள இறங்கி, உலோகத்தோட உலோகமா ஐக்கியமாயிடும்."

மச்சான் பையிலிருந்து ஒரு டீ வடிகட்டியை எடுத்து மேசையில் வைத்தார். பக்கத்தில் அதன் கைப்பிடியைத் தனியாக வைத்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் வரேன். ஒட்டு தெரியலேன்னா, குடும்பமே கூடியிருக்கிற இடத்துல என் வாயால உங்களை சர்ஜன்னு கூப்பிடுறேன். தெரிஞ்சுதுன்னா, அந்த அயர்ன் என்கூட வந்துடணும்."

"வரும்போது கைக்குட்டை எடுத்துட்டு வாங்க. ஆனந்தக் கண்ணீர் வரும்."

"எதுக்கு மாப்ள இந்தப் பாடு? பேசாம ஒரு புதுசு..."

"அந்த வார்த்தையை இந்த வீட்டுக்குள்ள சொல்லாதீங்க!"

நர்ஸ் ஊரில் இல்லை. அலுவலகப் பயிற்சிக்குப் போனவர் திங்கட்கிழமைதான் திரும்புவார். சர்ஜன் அதற்கெல்லாம் அசரவில்லை. முக்கியமான ஆபரேஷன்களைத் தனியாகச் செய்வதுதான் அவருக்குப் பிடிக்கும்.

ஆனால் ஈயம் எவர்சில்வரில் உட்கார மறுத்தது. மாமியார் வீட்டு சோபாவில் புது மாப்பிள்ளை உட்காருவது மாதிரி நுனியிலேயே தயங்கி நின்றது. பிறகு முத்தாக உருண்டு நேராக அவர் செருப்புக்குள் இறங்கியது.

சர்ஜன் ஒற்றைக் காலில் சமையலறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நோயாளிக்கு முன்பே மருத்துவருக்கு முதலுதவி நடந்தது. கால் அடங்கியதும் இன்னும் கொஞ்சம் ஈயம், அதன்மேல் இன்னும் கொஞ்சம் என்று கொட்டி, தட்டில் வைத்து, துணியைப் போர்த்தி, பயபக்தியோடு விளக்கை அணைத்தார்.

காலையில் துணியை விலக்கிக் கைப்பிடியைத் தூக்கினார். கைப்பிடி வந்தது. வடிகட்டி வரவில்லை.

அது ஐ.சி.யூவிலேயே மல்லாந்து கிடந்தது. ஓரத்தில் காக்கா எச்சம் மாதிரி ஈயக் கட்டி. வலையின் ஓட்டைகளும் அடைபட்டிருந்தன. தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், ஒரு சொட்டு இறங்கவில்லை. வடிகட்டி தன் வேலையை ராஜினாமா செய்துவிட்டது.

சர்ஜன் தட்டைத் திருப்பிப் பார்த்தார். துணியை முகர்ந்தார். ஸ்டூல் போட்டு ஏறி ஃப்ரிட்ஜின் தலையைத் தட்டிக்கூடப் பார்த்தார். எந்தக் கோளாறும் தெரியவில்லை.

போன் அடித்தது.

"மாப்ள, நான் மட்டும் வரல. அம்மா, சித்தப்பா, அத்தை, எல்லாரும் கிளம்பிட்டாங்க. வேன் சொல்லியாச்சு. நோயாளி எப்படி இருக்காரு?"

"தூங்குறாரு" என்றார் சர்ஜன். அயர்னைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தார். மறுபடி எடுத்து ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

மழையே இல்லாத வெயிலில் ஒருவர் குடையை முகம்வரை இறக்கிப் பிடித்தபடி பின்சந்து வழியாகப் போனதை அன்று தெருவே பார்த்தது. குடை பாத்திரக்கடை வாசலில் நின்றது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது. சட்டென்று உள்ளே நுழைந்தது.

"ஒரு டீ வடிகட்டி" என்றார் சர்ஜன், கல்யாணமான நாளிலிருந்து அவர் படியேறாத அந்தக் கடையில். "எனக்கில்ல. ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டார்."

"என்ன சைஸ் சார்?"

வேறு வழியில்லாமல் பைக்குள்ளிருந்து மாதிரியை எடுத்து மேசையில் வைத்தார். கடைக்காரர் அந்த ஈயக் கட்டியை விரலால் தடவினார். அவர் முகம் மலர்ந்தது.

"அடடா! இந்தக் கைவேலை உங்களோடதுதானா?"

"பார்த்ததும் தெரியுதா?" சர்ஜனால் கொஞ்சம் நிமிராமல் இருக்க முடியவில்லை.

கடைக்காரர் அலமாரியிலிருந்து அச்சு அசல் அதே மாதிரி ஒரு புது வடிகட்டியை எடுத்தார். மேசைக்கு அடியிலிருந்து ஒரு கம்பி நாரையும் எடுத்துக்கொண்டார்.

"வீட்டம்மாவுக்குத் தர்ற மாதிரியே, இதையும் தேய்ச்சுப் பழசாக்கித் தந்துடவா சார்?"