மூன்றாவது இறக்கை

சங்கரன்கோவில் வட்டாரப் பொதுமக்களுக்கு இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: 1917-ஆம் வருஷத்து ஜெர்மன் போர் விமானத்தின் மூன்றாவது இறக்கை, இன்று ஞாயிறு காலை பத்து மணிக்கு, அரசாங்க ஹெட்கிளார்க் அம்பலவாணன் அவர்களின் திருக்கரங்களால் பொருத்தப்பட்டது.

விமானத்தின் நீளம் ஒரு சாண். பிளாஸ்டிக். சிங்கப்பூரிலிருந்து அட்டைப்பெட்டியில் துண்டு துண்டாக வந்து, எட்டு மாதமாக உருவாகிறது. ரெண்டு இறக்கை விமானம் மதுரையில் யாரோ ஒருவரிடம் இருக்கிறதாம். மூன்று இறக்கை தன்னிடம் மட்டும்தான் என்று அவர் ஆபீசில் சொல்லாத நாளில்லை.

"எம்புட்டு நேரம் புடிச்சிட்டே இருக்கணும்?" என்று மனைவி முத்துமீனாள் போன வாரம் கேட்டிருந்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் விமானத்தைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. அவருக்குப் புல்லரித்துவிட்டது.

"பசை காயுத வரைக்கும். வெரல் அசைஞ்சா எட்டு மாச வேலை போச்சு!"

இப்போது இரண்டு கையும் இறக்கையில். அந்த நேரம் பார்த்து நல்லகண்ணு உள்ளே வந்தார்.

விசைத்தறி வைத்திருப்பவர். அவர் மகனும் அம்பலவாணன் மகள் சங்கரேஸ்வரியும் ஒருவரையொருவர் விரும்ப, சம்பந்தம் பேச ஆறு மாதமாக நடையாய் நடக்கிறார். அவர் தலை தெருமுனையில் தெரிந்தாலே ஹெட்கிளார்க் புறவாசல் வழியாகப் போய்விடுவார்.

"சார்வாள், பிள்ளைய ரெண்டும்…"

"தறிக்காரன் வீட்டுக்கு எம்மவளா? வெளிய போம்வே!" உதடு மட்டும் அசைந்தது.

"ஒரு வார்த்தை சொல்லுங்க, போயிருதேன்." நல்லகண்ணு முக்காலியை இழுத்து, விமானத்துக்கு எதிரே உட்கார்ந்தார். மடியிலிருந்து பொடி மட்டையை எடுத்துப் பிரித்தார்.

"என்னவே அது?"

"மூக்குப்பொடி. போட்டா அடுக்கா ஏழு தும்மல் வரும். அதுக்கப்புறந்தான் எனக்குப் பேச்சே வரும்."

தீக்குச்சிக் கனத்துக் கால்களின் மேல் இறக்கை ஈரமாக நின்றது. அம்பலவாணனுக்கு வேர்த்தது. "முத்துமீனா!" என்று கூப்பிட்டார். அடுப்படியிலிருந்து தாளிக்கும் சத்தம்தான் வந்தது.

நல்லகண்ணுவின் விரல் மூக்கை நோக்கி ஏறியது. "அப்ப, சம்மதமா?"

"அநியாயம்வே!"

விரல் மூக்கைத் தொட்டது.

"சம்மதம்! சம்மதம்வே! அதை மடியில கட்டும்!"

"சார்வாள் வாக்கு?"

"வாக்குத்தான்!"

ஹெட்கிளார்க் ஒரு தடவை சொன்னால் மாற மாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். ஊருக்கு அதைச் சொன்னவரும் அவர்தான்.

நல்லகண்ணு கும்பிட்டுவிட்டுப் போனார். பசை இன்னும் காயவில்லை. அசையாமல் உட்கார்ந்திருந்த அம்பலவாணனுக்கு, வாசலில் முத்துமீனாளின் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஞாயித்துக்கெழமை பத்து மணிக்கு வாங்க, ஓட மாட்டாவன்னு நான் சொன்னேம்லா அண்ணாச்சி!"