பச்சை லயம்

"சீக்கு நாய் ஒண்ணுகூட நாளைக்கு டொக்டர் கண்ணுல படக் கூடாது!"

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான மேல் லயத்தின் வாசலில் நின்று உத்தரவு போட்டார் தோட்டத் தலைவர் யோகேஸ்வரன். மந்திரியே வரப்போகிற மாதிரி முகம். வரப்போவது நாய்க்கு ரத்தம் எடுக்கிற மிருக டொக்டர்.

நுளம்பு கடித்து நாய்க்கு நாய் பரவுகிற புழு நோய் எங்கெங்கே இருக்கிறது என்று, நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து லயங்களையெல்லாம் படமாக வரைகிறார்களாம். நோய் இருந்தால் சிவப்பு. இல்லாவிட்டால் பச்சை.

"தலைவரே, எங்க சுட்டிக்கு உடம்பெல்லாம் கட்டி. எந்திரிக்கவே மாட்டேங்குது. காட்டுனாத்தானே மருந்து கிடைக்கும்?" என்றாள் நிஷாந்தி.

"ஒன் நாய்க்காக நம்ம லயம் சிவப்பாகணுமா? மானம் போயிரும் புள்ள. சிவப்பெல்லாம் கீழ் லயத்துக்காரனுங்களுக்கு."

கீழ் லயத்தில் தேத்தண்ணி கொடுத்தால்கூட வயிற்று வலி என்று சொல்லித் தப்பிக்கிற மனிதர் அவர்.

நிஷாந்தி வாயைத் திறப்பதற்குள் அம்மா அவள் கையைக் கிள்ளினாள்.

மறுநாள், தோட்டத்துத் துரை வரும்போது செய்கிற அதே கூத்துதான். சாக்கடைக் கானைக் கழுவி பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். சொறி பிடித்தது, இருமுவது, சுட்டி எல்லாம் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குள் போயின. சோப்பு போட்டுக் குளிப்பாட்டிய சில நாய்கள் மட்டும் கல்யாணத்துக்கு வந்த மாதிரி வரிசையில் நின்றன. விபூதிதான் பாக்கி.

"இவ்வளவுதானா நாய்?" என்றார் டொக்டர்.

"இவ்வளவுதாங்க ஐயா. நம்ம லயத்துல சுத்தந்தான் முக்கியம்."

மடுவத்துக்குள்ளிருந்து ஒரு ஊளை கேட்டது.

"அது கீழ் லயத்து நாய்ங்க," என்றார் தலைவர், கூசாமல்.

முடிவு வந்தது. மேல் லயம் பச்சை. கீழ் லயம் சிவப்பு. தலைவர் பட்டாசு கொளுத்தாத குறை.

"நான் சொல்லல? அவனுங்க இருக்கிற லட்சணத்துக்கு வேறென்ன வரும்?"

அடுத்த செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது. மருந்து சிவப்பு லயத்துக்கு மட்டுமாம். பச்சை லயத்துக்கு வாழ்த்து.

மருந்து கொடுக்கிற அன்று சுட்டி தண்ணிகூடக் குடிப்பதை நிறுத்தியிருந்தது. நிஷாந்தி அதைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

"கீழ் லயத்துக்கா போற? மானம் போகப் போகுதுடி!" அம்மா கத்தினாள்.

"நாயே போகப் போகுது. மானத்துக்கா சோறு வைக்கப் போறீங்க?"

கீழ் லயத்தைப் பார்த்தது வேறொரு டொக்டரம்மா. நிஷாந்தியை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த லயம், தங்கச்சி?"

"மேல் லயம், மிஸ்." அவளுக்குப் பொய் வராது.

"அது பச்சையாச்சே. இங்க உள்ள நாய்களுக்குத்தான் மருந்து கொண்டு வந்திருக்கோம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அடுத்தது ரெக்ஸ்! வாங்க, வாங்க. இந்த லயத்துலேயே ரத்தத்துல புழு இருந்தது இவனுக்கு மட்டுந்தான். இவனாலதான் லயமே சிவப்பாச்சு."

ரெக்ஸா? அது தலைவர் வீட்டு நாயின் பெயராச்சே!

நிஷாந்தி திரும்பிப் பார்த்தாள். மங்கி தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, ரெக்ஸின் சங்கிலியோடு நின்றவர் தலைவர் யோகேஸ்வரனேதான். மேலே சுத்தத்தைப் பற்றிப் பேசிய அதே நாளில், தேயிலை மலைக்குள்ளே புகுந்து வந்து, தன் நாயைக் கீழ் லயத்து நாயென்று காட்டி ரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்!

கீழ் லயத்துச் சனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"மிஸ், இந்த நாயி வந்து..." என்று ஆரம்பித்தாள் நிஷாந்தி.

தலைவர் பாய்ந்து வந்து சுட்டியின் தலையைத் தடவினார்.

"மொதல்ல இதுக்கு மருந்து குடுங்க மிஸ்! இந்தப் புள்ள ஏதோ பயத்துல மாத்திச் சொல்லிருச்சு. எங்க சொந்தக்காரப் புள்ளதாங்க. நாங்கல்லாம் பரம்பரையா கீழ் லயம்!"